‘பலத்தைப் போடாதே’ என்கிறார் மாஸ்டர்: அப்படியானால் ஜியு-ஜிட்சு பயில்பவர் வெயிட் தூக்க வேண்டுமா?

கேள்வி இது: “ஒன்றரை வருடமாக பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (தரையில் பிடித்துப் பூட்டும் சண்டைக் கலை) கற்கிறேன். வெள்ளை பெல்ட் (தொடக்க நிலை), மூன்று ஸ்ட்ரைப். எடை 64 கிலோ. ‘பலத்தைப் போடாதே, டெக்னிக்கை நம்பு’ என்று மாஸ்டர் எப்போதும் சொல்வார். ஆனால் மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்த 90 கிலோ ஆள் என் மேல் படுத்துவிட்டால் என்னால் அசையக்கூட முடியவில்லை. வாரத்தில் நான்கு மாலை கிடைக்கும். நான்கிலும் மேட்டுக்கே (பயிற்சி விரிப்புக்கே) போகவா, ஜிம்முக்கும் போகவா?”

மூன்று மாலை மேட், ஒரு மாலை வெயிட். மேட்டுக்குப் போகும் நாட்களில் ஒன்றில் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் இன்னொரு தடவை வெயிட். இப்போதைக்கு இது போதும். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும். உங்களிடம் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட, இருக்கிற பலம் எங்கே செலவாகிறது என்பதுதான் இங்கே பெரிய விஷயம். மாஸ்டர் சொன்னதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

‘டெக்னிக் பலத்தை வெல்லும்’ என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. 1914-இல் பிரேசிலுக்கு வந்த ஜப்பானியர் மிட்சுயோ மாயேடாவிடமிருந்து கார்லோஸ் கிரேசி கற்றார். அவருடைய தம்பி ஹீலியோ சிறிய உடல்வாகு கொண்டவர். தூக்கி எறிகிற வித்தைகள் தன் உடலுக்கு ஒத்துவராததால், நெம்புகோல் தத்துவத்தையும் பொறுமையையும் நம்பித் தரையில் நடக்கும் சண்டையைச் செதுக்கினார். அவர் மகன் ராய்ஸ் 1993-இல் முதல் யுஎஃப்சி போட்டியை (பல சண்டைக் கலைகளின் வீரர்கள் மோதும் போட்டி) வென்றபோது எடை சுமார் 80 கிலோ. அடுத்த வருடமே, தன்னைவிட 30 கிலோவுக்கும் மேல் கனமான மல்யுத்த வீரர் டான் செவெர்னுக்கு அடியில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கிடந்து, கடைசியில் கால்களாலேயே கழுத்தை நெரிக்கும் ட்ரையாங்கிள் பிடியைப் போட்டு டேப் (தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டுவது) வாங்கினார். அதைப் பார்த்த ஒரு தலைமுறையே ஜியு-ஜிட்சு வகுப்பு எங்கே நடக்கிறது என்று தேடிக் கிளம்பியது.

ஆனால் இதே குடும்பத்தின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1951-இல் மரகானா அரங்கில் ஹீலியோவை எதிர்த்து நின்றவர் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா. அவர் ஹீலியோவைவிட நல்ல கனம். தரைச் சண்டையும் தெரிந்தவர். அவர் போட்ட தோள் பூட்டில் ஹீலியோவின் கை உடைந்தது. இன்று நாம் வகுப்பில் ‘கிமுரா’ என்று சொல்லிக் கற்கும் பூட்டு அதுதான். 2006-இல் ராய்ஸ், மேட் ஹியூஸை எதிர்த்தார். ஹியூஸ் மல்யுத்தத்திலிருந்து வந்தவர், ஆனால் ஜியு-ஜிட்சுவையும் நன்றாகக் கற்றிருந்தார். முதல் சுற்றிலேயே ராய்ஸின் முதுகைப் பிடித்துக் குத்துகளால் சண்டையை முடித்துவிட்டார்.

இந்தச் சண்டைகளையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். செவெர்ன் பலசாலி, ஆனால் கீழே கிடப்பவரின் கால்கள் தன் கழுத்தைச் சுற்றி வருவதன் அர்த்தம் அவருக்குத் தெரியவில்லை. கிமுராவுக்கும் ஹியூஸுக்கும் அது தெரியும். எதிரிக்குத் தெரியாதது உங்களுக்கு நிறையத் தெரிந்திருந்தால், எடை வித்தியாசத்தை அது விழுங்கிவிடும். இருவருக்கும் தெரிந்தது கிட்டத்தட்ட சமம் என்றால், உடல் பேச ஆரம்பிக்கும். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) போட்டிகளில் வயதுவந்த ஆண்களுக்கு மட்டும் ஒன்பது எடைப் பிரிவுகள் இருப்பது இதனால்தான். கி (கனமான பயிற்சி உடை) அணிந்து ஆடும் பிரிவுகளில் மிகச் சிறியது 57.5 கிலோ வரை, மிகப் பெரியது 100.5 கிலோவுக்கு மேல். முப்பது வயதிலிருந்து மாஸ்டர்ஸ் என்று தனிப் பிரிவும் உண்டு. உடலுக்கு வேலையே இல்லையென்றால் இத்தனை கோடு கிழிக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

சரி, உங்கள் 90 கிலோ ஆளுக்கு வருவோம். மூன்று மாதத்தில் அவருக்குத் தெரிந்தது குறைவுதான். உங்களுக்கோ ஒன்றரை வருடம். அப்புறம் ஏன் அசைய முடியவில்லை? ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் தெரியும்.

நீங்கள் மல்லாந்து கிடக்கிறீர்கள். அவர் உங்கள் வலப்பக்கம் வந்து, நெஞ்சின் மேல் நெஞ்சை வைத்து அமுக்கிவிட்டார். சைடு கன்ட்ரோல். கனம் இறங்கிய அடுத்த நொடி மனதில் தோன்றுவது, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளுவது. கை நீள்கிறது, முழங்கை விலாவை விட்டுக் கிளம்புகிறது, பல்லைக் கடித்துத் தம் கட்டுகிறீர்கள். 90 கிலோவை ஒரு சாண் தூக்கியிருப்பீர்கள். மூன்று நொடி தாங்கும். கை நடுங்கிக் கீழே வரும்போது அவர் முன்பைவிட ஆழமாகப் படுத்திருப்பார், உங்கள் கையும் அவருக்குத் தோதான இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தடவை இப்படிச் செய்தால் மூன்றாவது தடவைக்குத் தெம்பு இருக்காது.

இப்போது அதே இடம், அதே கனம். இடது முன்கை அவர் கழுத்துக்குக் குறுக்கே, வலது முன்கை அவர் இடுப்பெலும்பில். முழங்கைகள் உங்கள் உடலை ஒட்டி மடங்கியே இருக்கின்றன. தள்ளவில்லை, முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கனத்தைத் தாங்குவது பெரும்பாலும் எலும்பு. பாதங்களை ஊன்றி இடுப்பை அவர் பக்கமாகத் தூக்குகிறீர்கள். அவர் உடனே திருப்பி அமுக்குவார். அமுக்கிய கனம் தரையில் உட்காருவதற்கு முன்னால் ஒரு கண நேரம் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் உங்கள் இடுப்பு இடப்பக்கம் நழுவ வேண்டும். அவரைத் தூக்கவே இல்லை. அவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார், நீங்கள்தான் நகர்ந்தீர்கள். வலது முழங்கால் இருவருக்கும் நடுவே நுழைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த இரண்டாவது காட்சியில் பலம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 90 கிலோ இறங்கும்போது மடங்கிய முழங்கை மேலும் மூடிக்கொள்ளாமல் நிற்பது பலம். இடுப்பைத் தூக்குவது பலம். வளைந்து நழுவும்போது வயிறும் விலாப்பக்கமும் குழையாமல் இருப்பதும் பலம்தான். முதல் காட்சியில் பலம் எதிராளியின் உடலைத் தள்ளப் போனது. இரண்டாவதில் உங்கள் உடலின் வடிவம் கலையாமல் காக்கப் போனது. ‘பலத்தைப் போடாதே’ என்பது முதலாவதைப் பற்றிய பேச்சு. இரண்டாவது பலம் இல்லாதவரிடம் போய் அதையே சொன்னால், அவருக்கு அநியாயம் செய்கிறோம்.

இதை நான் நேரில் பார்த்துத்தான் கற்றேன். எங்கள் மேட்டில் 55 கிலோ எடையில் ஒரு பெண் பயின்றார். ஒவ்வொரு அசைவும் பாடம் எடுப்பது போலச் சுத்தமாக இருக்கும். ட்ரில் செய்யும்போது மற்றவர்களை அவரைப் பார்க்கச் சொல்வேன். ஸ்பாரிங்கில் (எதிர்ப்போடு நடக்கும் பயிற்சிச் சண்டையில்) மட்டும் அவருடைய முட்டு நொறுங்கிவிடும். கோணம் சரி, நேரம் சரி, ஆனால் தாங்கவில்லை. ‘இன்னும் டெக்னிக்கைக் கவனி’ என்று மாதக்கணக்கில் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என் தவறு. அவருக்கு டெக்னிக் இருந்தது, அதைத் தாங்கும் சுவர் இல்லை. ஆறு மாதம் டெட்லிஃப்ட், ரோ, பாரத்தைச் சுமந்து நடப்பது என்று செய்தார். எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை என்று ஞாபகம். ஆனால் அதே முட்டு நின்றது. அன்றிலிருந்து சிறிய உடல்காரர்களிடம் ‘வெயிட் வேண்டாம்’ என்று நான் சொல்வதே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 96 கிலோ எடையில், பனைமரம் மாதிரி ஒருவர். முதல் வருடம் அவரைக் கீழே போட யாராலும் முடியவில்லை. யாராவது மவுண்ட் எடுத்தால் (மேலே ஏறி உட்கார்ந்தால்) மார்பில் கைவைத்துத் தூக்கி எறிந்துவிடுவார். அது வேலை செய்துகொண்டே இருந்ததால், மவுண்ட்டிலிருந்து வெளியே வரும் ஒரு வழியையும் அவர் கற்கவில்லை. அனுபவமுள்ள ஊதா பெல்ட்காரர்களோடு உருள (ஸ்பாரிங் செய்ய) ஆரம்பித்தபோது, மார்பில் கைவைத்த ஒவ்வொரு தடவையும் ஆர்ம்பார் (கையை நேராக்கி முழங்கையைப் பூட்டும் பிடி) வாங்கினார். பலம் அவருக்குக் கேடு செய்தது அது இருந்ததால் அல்ல. கற்க வேண்டிய ஒரு படியைத் தாண்டிக் குதிக்க அது உதவியதால்தான். உங்கள் புதிய நண்பரும் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறார்.

ஆகவே ரோல் செய்யும்போது (உருளும்போது) உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நான் இப்போது போடும் பலம், ஒரு படியைச் சரியாகச் செய்ய உதவுகிறதா, அந்தப் படியைச் செய்யாமல் தப்பிக்க உதவுகிறதா? ஆர்ம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். கை நேராகவில்லை என்றால் பலர் மணிக்கட்டைப் பிடித்து இழுஇழு என்று இழுப்பார்கள். பெரும்பாலும் குறை கையில் இருக்காது. முழங்கால்கள் இறுக்கமில்லாமல் விரிந்திருக்கும், அல்லது இடுப்பு அவர் தோளிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும். அந்த இடைவெளியைத்தான் கைப்பலத்தால் ஈடுகட்டப் பார்க்கிறோம். தோளோடு ஒட்டி உட்கார்ந்து, முழங்கால்களை நெருக்கி, அவர் மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்து, இடுப்பை மெல்ல உயர்த்துங்கள். அங்கே இடுப்பின் பலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், ஆனால் நிதானமாக, டேப் செய்ய அவருக்கு நேரம் கொடுத்து.

மூச்சு நல்ல சாட்சி. தம் கட்டிவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு படியைத் தாண்டப் பார்க்கிறீர்கள்.

இதைக் கேட்டுவிட்டு நேர் எதிர்த் தவறைச் செய்பவர்களும் உண்டு. ‘நான் டெக்னிக்கலாக உருள்கிறேன்’ என்று சொல்லி உடலைத் தொளதொளவென்று விட்டுவிடுவார்கள். பிடியில் இறுக்கமில்லை, முட்டு இல்லை, எதிராளி கால்களைத் தாண்டிப் பாஸ் ஆனதும் அப்படியே கிடப்பார்கள். அது மென்மை அல்ல. எதிரே இருப்பவருக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை. பிடிக்க வேண்டிய இடத்தில் உடும்பாகப் பிடிக்க வேண்டும், விட வேண்டிய நேரத்தில் விட்டுவிட வேண்டும். எப்போது எது என்பதுதான் டெக்னிக்.

மேட்டில் மூன்று நாளை எப்படிப் பயன்படுத்துவது? என் அனுபவத்தில் பொசிஷனல் ஸ்பாரிங்கை (ஒரு குறிப்பிட்ட நிலையிலிருந்தே தொடங்கும் ஸ்பாரிங்கை) மிஞ்சியது எதுவும் இல்லை. முழு ரோலில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வரும் சிக்கல், இதில் ஐந்து நிமிடத்தில் பத்துத் தடவை வரும். கனமானவரோடு உருளும்போது நீங்களே சைடு கன்ட்ரோலுக்கு அடியிலிருந்து தொடங்குங்கள். வெளியே வந்தால் நிறுத்தி மறுபடி அங்கேயே போய்ப் படுங்கள். உங்களைவிடச் சிறியவரோடும் புதியவரோடும் உருளும்போது, உங்களுக்கு நன்றாக வரும் ஒன்றைத் தடை செய்துகொள்ளுங்கள்: இன்று கழுத்தைப் பிடிக்க மாட்டேன், இன்று ஸ்வீப் (கீழிருந்து புரட்டி மேலே வருவது) மட்டும்தான், இப்படி. சம எடை, சம அனுபவம் உள்ளவரோடு வாரத்தில் ஒன்றிரண்டு சுற்றாவது முழு வேகத்தில் போங்கள். அந்தச் சுற்றுகளில் பலத்தை அடக்க வேண்டாம். முழு எதிர்ப்பு வந்தால்தான் எது நிற்கும், எது சரியும் என்று தெரியும்.

90 கிலோ ஆளிடம் இன்னொரு விஷயமும் முக்கியம். பூட்டுவதற்கு முன்னால் எதைப் பூட்டுகிறோம் என்று தேர்ந்தெடுங்கள். பலசாலியின் கையைப் பூட்டப் போனால், அவருடைய மிகப் பெரிய தசைகளோடு மல்லுக்கு நிற்கிறீர்கள். சரியாக விழுந்த கழுத்துப் பிடியை எதிர்க்க அவரிடம் அப்படி ஒரு தசை கிடையாது. கழுத்தின் இரு பக்கத்திலும் ரத்த ஓட்டம் தடைபட்டால் எவ்வளவு பெரிய ஆளும் டேப் செய்தாக வேண்டும். மார்செலோ கார்சியாவைப் பாருங்கள். ஏடிசிசி-யில் (கி இல்லாமல் நடக்கும் பெரிய பிடிச்சண்டைப் போட்டி) 77 கிலோ பிரிவை நான்கு முறை வென்றவர் (2003, 2005, 2007, 2011). 2007-இல் எடை வரம்பே இல்லாத பிரிவில் இறுதிப்போட்டி வரை போனார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை முதுகைப் பிடித்துப் போடும் சோக் (கழுத்து நெரிப்பு), முன்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் கில்லட்டின், எக்ஸ் கார்டு. எக்ஸ் கார்டில் எதிராளியின் கனத்தைக் கையால் தாங்குவதில்லை, அவர் அடியில் புகுந்து கால்களால் தாங்குகிறோம். அவருடைய ஆட்டங்களை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், ஒரு சின்ன ஆள் எந்த இடத்தில் நிற்க மறுக்கிறார் என்று கவனியுங்கள். கனமானவர் நெஞ்சோடு நெஞ்சு வைத்துப் படுக்கும் நிலைக்கு அவர் போவது ரொம்பக் குறைவு.

இங்கே உடல்வாகு பற்றியும் சொல்ல வேண்டும். உடல் என்றால் பலம் மட்டும் இல்லை. கால் நீளம், இடுப்பு மூட்டு எவ்வளவு திறக்கும், பிடி எத்தனை நிமிடம் தாங்கும், நேற்றைய களைப்பு இன்று தீர்ந்ததா, எல்லாமே சேர்ந்ததுதான். நீண்ட கால்காரருக்கு ட்ரையாங்கிள் எளிதாகப் பூட்டும். குட்டையான, கட்டையான ஆளுக்கு அதுவே போராட்டம், ஆனால் ஹாஃப் கார்டில் (எதிராளியின் ஒரு காலைத் தன் கால்களுக்கிடையே பூட்டிய நிலையில்) அண்டர்ஹூக் எடுத்து (அவர் அக்குளுக்கு அடியில் கை கொடுத்து) முட்டி எழுவது அவருக்குக் கைவந்த கலையாகும். காலப்போக்கில் உங்கள் ஆட்டம் உங்கள் உடலுக்கேற்ப வளைவது இயல்பு. ஆனால் நீல பெல்ட் (வெள்ளைக்கு அடுத்த நிலை) வரைக்கும் ‘இது என் உடலுக்கு ஒத்துவராது’ என்று எதையும் ஒதுக்காதீர்கள். ஒத்துவராதது உடலுக்கா, பழக்கத்துக்கா என்று சொல்ல ஒன்றரை வருடம் போதாது.

இடுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நிறைய பேர் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கார்டில் (கீழே கிடந்து கால்களால் எதிராளியைத் தடுக்கும் நிலையில்) காலை உயரத் தூக்கி உள்பக்கம் மடக்கும்போது இடுப்பு மூட்டு திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை என்றால், அந்தத் திருப்பத்தை முழங்கால் ஏற்கும். முழங்கால் அப்படித் திரும்புவதற்கு உண்டான மூட்டு அல்ல. ஆகவே தினமும் பத்து நிமிடம் இடுப்புக்கான அசைவுகளுக்கு ஒதுக்குங்கள். ஹீல் ஹூக் (குதிகாலைத் திருகும் பூட்டு) பழகும் இடமாக இருந்தால், வலிக்கும்வரை காத்திருக்காமல் பூட்டு விழுந்ததுமே டேப் செய்யுங்கள். அதில் வலி தெரிவதற்குள் தசைநார் போயிருக்கலாம், எவ்வளவு பலமும் அங்கே காப்பாற்றாது.

வெயிட் விஷயம் எளிது. தரையிலிருந்து தூக்கும் ஒன்று, அதாவது டெட்லிஃப்ட். இழுக்கும் ஒன்று, ரோ அல்லது புல்-அப். தள்ளும் ஒன்று, ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழும் ஒன்று, பாரத்தைச் சுமந்து நடப்பது. இவற்றில் மூன்று நான்கை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் மூன்று செட். ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்ற நிலையில் நிறுத்திவிடுங்கள். கழுத்துக்கும் லேசாக ஏதாவது செய்யுங்கள், அதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். விரல் பிடிக்கென்று தனியாக எதுவும் வேண்டாம். கி துணியைப் பிடித்தே விரல் மூட்டுகள் போதுமான அளவு தேய்கின்றன. ஒரே நாளில் இரண்டும் வந்தால் முதலில் மேட், அப்புறம் வெயிட். களைத்த கைகால்களோடு புது டெக்னிக் கற்றால், களைத்தவன் செய்யும் அசைவுதான் உடம்பில் பதியும்.

மூச்சுத் திறனுக்காகத் தனியாக ஓட வேண்டியதில்லை. வெள்ளை பெல்ட்டுக்குப் போட்டி நேரம் ஐந்து நிமிடம், கறுப்பு பெல்ட்டுக்குப் பத்து. வாரம் ஒரு நாள், பேசிக்கொண்டே உருளக்கூடிய வேகத்தில், இடைவெளி இல்லாமல் இருபது நிமிடம் ரோல் செய்தாலே நல்ல பயிற்சி. அதில் டெக்னிக்கும் வளரும். தூக்கத்தைக் குறைத்து இதில் எதையும் கூட்டாதீர்கள். கற்றது உடம்பில் தங்குவதும் தசை தேறுவதும் தூக்கத்தில்தான்.

நாற்பதைத் தாண்டியவர்கள் இதைப் படித்தால்: விகிதம் உங்களுக்கு இன்னும் வெயிட் பக்கம் சாயலாம். மேட்டில் ஒரு நாளைக் குறைத்து அதை வெயிட்டுக்குக் கொடுத்தவர்கள், நான் பார்த்தவரை, காயமில்லாமல் நீண்ட நாள் நிற்கிறார்கள்.

அடுத்த வகுப்பில் அந்த 90 கிலோ நண்பரிடம் நீங்களே போய்க் கேளுங்கள்: “சைடு கன்ட்ரோலில் ஆரம்பிக்கலாமா? மூன்று நிமிடம், உங்கள் முழுக் கனத்தையும் போடுங்கள்.” முதல் ஒரு நிமிடம் வெளியே வர முயலவே வேண்டாம். முழங்கைகளை ஒட்டி வைத்து, முன்கைகளை அவர் கழுத்திலும் இடுப்பிலும் கொண்டுபோய்ச் சேர்த்து, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, அவர் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாவது நிமிடத்தில் ஒரே ஒரு தடவை இடுப்பைத் தூக்கி நழுவிப் பாருங்கள். முழங்கால் உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை, முட்டு எங்கே நொறுங்கியது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை விலகியதால் நொறுங்கியது என்றால் அடுத்த நாளும் மேட்டில் அதையே பழகுங்கள். முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தும் மடங்கிவிட்டது என்றால், அந்த வாரம் ஜிம்மில் தள்ளும் செட்டில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.